கப்ளிங்குக்கு எந்தப் பக்கம்?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டேன். பொறியியல் என்பது முடிவாகிவிட்டது. அப்பா மெக்கானிக்கல் எடுக்கச் சொல்கிறார். இயந்திரம் இல்லாத தொழில் ஏது என்கிறார். மாமாவோ இனி எல்லா வண்டியும் பேட்டரியில்தான் ஓடும், எலக்ட்ரிக்கல் எடு என்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. எதில் வேலை நிச்சயமோ அதில் சேர்ந்துவிடுவேன். நீங்கள் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். எதில் வேலைவாய்ப்பு அதிகம்?

க.

அன்புள்ள க.,

வேலைக்காகப் படிப்பைத் தேர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் விசாரிப்பது இன்றைய சந்தையை. வேலை தேடப்போவது நான்கு வருடம் கழித்து. 2014 நடுவில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. எண்ணெய் வயல் சம்பளத்தைக் கேள்விப்பட்டு 2012-ல் பெட்ரோலியம் படிக்கப் போனவர்கள் பட்டத்தோடு வெளியே வந்தபோது, அந்தத் துறையே ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. படித்தவர்கள் மேல் என்ன தப்பு?

மாமா சொல்வது பாதி சரி. பேட்டரி வண்டியில் பிஸ்டனுக்கும் புகைக்குழாய்க்கும் வேலை இல்லை. ஆனால் லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 15 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால்தான் ஒழுங்காக உழைக்கும். குளிரில் சோம்பும், சூட்டில் சீக்கிரம் கிழடாகும். அதைக் குளிர்விக்கும் அமைப்பும், மோதினால் நசுங்காமல் காக்கும் கூடும் மெக்கானிக்கல்காரர் கைவேலை. அப்பா சொல்வதும் பாதிதான். எல்லாத் தொழிலிலும் இயந்திரம் உண்டு. அதை வடிவமைக்கும் வேலை எல்லா இடத்திலும் இல்லை. பல இடங்களில் இருப்பது பராமரிப்பும் உற்பத்தி மேற்பார்வையும்தான். அவை மட்டமான வேலைகள் அல்ல, ஆனால் சேரும்முன் தெரிந்திருக்க வேண்டும்.

நான் இருந்த மின்நிலையத்தில் நீராவி டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே நேர்கோட்டில் சுற்றும். இரண்டு தண்டையும் சேர்ப்பது ஒரு கப்ளிங். அதற்கு இந்தப் பக்கம் மெக்கானிக்கல், அந்தப் பக்கம் எலக்ட்ரிக்கல். இரண்டு காந்தத் துருவம் கொண்ட ஜெனரேட்டர், மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. எங்கோ மின்தேவை திடீரென ஏறினால் அந்த வேகம் ஒரு மயிரிழை தளரும்; வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் என்ற கருவி அதை உணர்ந்து நீராவி வால்வை இன்னும் திறக்கும். (கவர்னர்களைப் பற்றி 1868-ல் கணக்குப் போட்டு எழுதியவர் மேக்ஸ்வெல். மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த அதே மேக்ஸ்வெல்தான். அவரிடம் யாரும் எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை.)

அந்தத் தண்டில் அதிர்வு கூடினால் இரு பக்கத்தாரும் எதிர்ப்பக்கம் கைகாட்டுவார்கள். ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டாரின் கம்பிச் சுருளில் சில சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால், சூடு ஒருபக்கமாக ஏறி ரோட்டார் லேசாக வளையும். அதிர்வு தண்டைத் தாங்கும் பேரிங்கில் தெரியும், காரணம் சுருளில் ஒளிந்திருக்கும். அந்தச் சுருளுக்குக் கொடுக்கும் மின்சாரமான எக்சைட்டேஷனைக் கூட்டினால் அதிர்வும் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவர் எங்களோடு இருந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனாலும் அவரை நள்ளிரவில் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் பிரிவில் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஆனாலும் பதில் சொல்லாமல் நழுவிப் போகமாட்டேன். என் கணிப்பில் இப்போது எலக்ட்ரிக்கல் ஒரு பிடி முன்னால் இருக்கிறது. சூரியத் தகட்டில் சுற்றும் தண்டே இல்லை; அது தரும் நேர்த்திசை மின்சாரத்தை (டி.சி.) மாறுதிசை மின்சாரமாக (ஏ.சி.) மாற்றி மின்கட்டமைப்பில் சேர்ப்பது முழுக்க எலக்ட்ரிக்கல் வேலை. அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸுக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கும் தாவுவதும் எளிது. மெக்கானிக்கலின் பலம் அதன் அகலம். பம்பு, விமானம், ஏசி என்று ஒன்று படுத்தால் இன்னொன்றுக்கு நகரலாம்.

இந்த ஒரு பிடி வித்தியாசத்தை விடப் பெரியது ஒன்று உண்டு. மெக்கானிக்கலில் தப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்: வளையும், விரியும், ஒழுகும். மின்சாரம் கருகும்வரை ஒன்றும் காட்டாது. காகிதத்தில் கணக்குப் போட்டு மனதுக்குள்தான் பார்க்க வேண்டும். நூலகத்தில் மெக்கானிக்கலுக்கு வெப்ப இயக்கவியல் புத்தகம் ஒன்றும் எலக்ட்ரிக்கலுக்கு மின்சுற்றுகள் புத்தகம் ஒன்றும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அத்தியாயத்தைப் படித்துப் பத்துக் கணக்கு போடுங்கள். நிறைய தப்பாகும். யாரும் சொல்லாமலே எதைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறீர்களோ, அதில் சேருங்கள். இரண்டும் ஒரே அளவு பிடித்திருந்தால் மாமா பேச்சைக் கேளுங்கள்.

இரண்டுமே கசந்தால் மறுபடி எழுதுங்கள். பொறியியல் என்பது எப்படி முடிவாயிற்று என்று நான் கேட்க வேண்டியிருக்கும்.