வாரிசுப் பட்டியலில் பாட்டியின் பெயரை விட்டுவிடலாமா?

கேள்வி: என் தந்தை உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா, அண்ணன், நான், திருமணமான தங்கை ஆகியோருடன் அப்பாவின் தாயாரும் இருக்கிறார். அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடும், அண்ணனை நாமினியாகக் காட்டிய வங்கி வைப்புத்தொகையும் உள்ளன. அந்தத் தொகை முழுவதும் தனக்கே என்கிறார் அண்ணன். பாட்டியின் பெயரைச் சேர்க்காமல் வாரிசுச் சான்றிதழ் வாங்கலாமா?

பதில்: அப்படிச் செய்யாதீர்கள், பாட்டியும் உங்கள் தந்தையின் வாரிசுதான். உங்கள் குடும்பத்துக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று கொண்டு விளக்குகிறேன். உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோரைச் சமமாகச் சேரும். எனவே வீட்டிலும் வைப்புத்தொகையிலும் உங்கள் ஐவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. திருமணமானதால் தங்கையின் பங்கு குறையாது. மகள்களுக்கு உரிமை 2005-இல்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது, தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 முதலே உண்டு.

இந்த உரிமை இறப்பு நிகழ்ந்த அந்தக் கணமே பிறந்துவிடுகிறது. வட்டாட்சியர் தரும் சான்றிதழ் வாரிசுகள் யார் என்று காட்டுமே தவிர, உரிமையை உண்டாக்குவதும் இல்லை, பறிப்பதும் இல்லை. பெயர் விடுபட்டாலும் பாட்டியின் பங்கு அவருடையதே.

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவர், அவ்வளவுதான். அவரிடம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடும். பணம் வாரிசுகள் அனைவருக்கும் உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் உறுதிசெய்திருக்கிறது. ஆகவே ஐந்தில் நான்கு பங்கை அண்ணன் உங்களுக்கெல்லாம் பிரித்துத் தர வேண்டும்.

எனக்குக் கவலை தருவது வீடுதான். பாட்டி எந்த ஏற்பாடும் செய்யாமல் காலமானால், அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். தாத்தா இல்லை, உங்கள் தந்தையைத் தவிர பாட்டிக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கு 15-இல் ஒரு பங்கும் அத்தைக்கு 15-இல் ஒரு பங்கும் சேரும்; எஞ்சிய 15-இல் ஒரு பங்கு உங்கள் மூவருக்கும் பொது. பாட்டியின் பங்கிலிருந்து உங்கள் அம்மாவுக்கு எதுவும் வராது என்பதைக் கேட்டுத் திகைப்பவர்கள் பலர். பின்னாளில் வீட்டை விற்கப் போனால், பத்திரங்களைப் பார்க்கும் வழக்கறிஞர், இறந்தவரின் தாயார் அன்று உயிரோடு இருந்தாரா என்று கட்டாயம் கேட்பார்.

பாட்டி மனமுவந்து தம் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நடமாட முடியாதவரின் வீட்டுக்கே அதிகாரி வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அவருடைய கைரேகையை வாங்குவதற்கு முன், பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். மகனை இழந்த ஒரு தாய்க்கு அந்தப் பங்கு ஒன்றே கடைசிக்காலப் பாதுகாப்பாக இருக்கலாம். அவர் அதை வைத்துக்கொள்ளவே விரும்பினால், பட்டாவை ஐவர் பெயருக்கும் மாற்றிக்கொண்டு, தமக்குப் பிறகு அது யாருக்கு என்பதை உயிலாக எழுதிவைக்கச் சொல்லலாம். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்து அவசியம்.