சாட்சிகள் பிரமாணப் பத்திரம் கொடுத்தும் ஜாமீன் தள்ளுபடி ஏன்?

சாட்சிகள் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் செல்லாது என்று இல்லை, ஆனால் அதை மட்டும் வைத்து ஜாமீன் கிடைக்காது. மடைத் தகராறில் உங்கள் தம்பி அடிக்கவில்லை என்று பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் எழுதிக் கொடுத்தும் திருவாரூர் செஷன்ஸ் கோர்ட் தள்ளிவிட்டது என்கிறீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமும் பழைய 1872 சட்டம் போலவே பிரமாணப் பத்திரத்தைத் தன் வரம்புக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. குறுக்கு விசாரணை நடக்காத காகிதம் அது. ஜாமீன் கட்டத்தில் யார் சொல்வது உண்மை என்று நீதிபதி அலசவும் மாட்டார். தம்பி தலைமறைவாவாரா, சாட்சியைக் கலைப்பாரா, குற்றம் எவ்வளவு பெரியது, இதைத்தான் பார்ப்பார்.

அந்த இருவரும் போலீஸ் தரப்புச் சாட்சிகளா? அப்படியென்றால் பத்திரமே எதிராகத் திரும்பியிருக்கும். உள்ளே இருக்கும்போதே சாட்சியைத் திருப்பிவிட்டார், வெளியே விட்டால் என்ன ஆகும் என்று அரசு வக்கீல் கேட்க அதுவே போதும்.

தள்ளுபடி உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள். காயம்பட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஒரு வரி இருந்தால், அவர் டிஸ்சார்ஜ் ஆனதும் அதைச் சொல்லி மறுபடி மனு போடலாம். என்னைக் கேட்டால் இந்த மாதிரி அடிதடி கேஸில் அந்த டிஸ்சார்ஜ் விவரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அப்புறம், ஹைகோர்ட் போவதென்றால் உங்கள் மாவட்டத்துக்குச் சென்னை. தஞ்சாவூர்க்காரர்கள் போல ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போய் நிற்காதீர்கள்.

அந்த இருவரும் ஏற்கெனவே மாஜிஸ்திரேட் முன், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 164) கொடுத்த வாக்குமூலத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் புதுப் பத்திரம் வேண்டவே வேண்டாம், பொய்ச் சாட்சி வழக்கு அவர்கள் தலையில் விழலாம்.