கேள்வி நேரம்: லோக்கல் லீக்

கேள்வி: எங்க அமெச்சூர் கிரிக்கெட் லீக்ல வருஷா வருஷம் டீம் குறையுது, ஒரே டீம்தான் கப் அடிக்குது, கடைசி இடத்துல இருக்கறவங்க பாதியிலயே வர்றத நிறுத்திடறாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல போனவங்ககிட்ட ஏன் போனீங்கன்னு கேளுங்க. தோக்கறது பெரும்பாலும் காரணமா இருக்காது. ஒன்பதாவதா இறங்கற பையன் நாள் முழுக்க பேட்ஸ்மேனுக்குப் பின்னால, பவுண்டரி ஓரமா ஃபைன் லெக்ல நின்னுட்டு, ஒரு ஓவர்கூட போடாம, ஒரு பந்துகூட ஆடாம வீட்டுக்குப் போறான் பாருங்க, அவன் அடுத்த வாரம் எதுக்கு வரணும்? பலம் குறைஞ்ச டீம்கள் ஆடற மேட்ச்ல மட்டுமாவது 30 ரன் அடிச்சா ரிட்டயர் ஆகி அடுத்தவருக்கு பேட்டிங் கொடுக்கணும், குறைஞ்சது ஏழு பேர் பந்து போடணும்னு ரூல் வைங்க, அது ஒண்ணே பாதிப் பேரைத் திரும்பக் கொண்டுவரும்.

அப்புறம் டீம்களை பலத்தைப் பார்த்து ரெண்டு டிவிஷனா பிரிங்க, மேல ரெண்டு ஏறணும் கீழ ரெண்டு இறங்கணும், அப்பதான் ஏழாவது இடத்துல இருக்கற டீமுக்கும் கடைசி மேட்ச் வரைக்கும் ஆட ஒரு காரணம் இருக்கும். சீசன் நடுவுல நல்ல பிளேயர இழுக்கறத கண்டிப்பா தடுக்கணும், இதுல தயவே காட்டாதீங்க.

நேரமும் முக்கியம். 2003ல இங்கிலாந்துல கவுண்டி (அங்கத்த மாவட்ட) டீம்களுக்கு டி20, அதாவது 20 ஓவர் மேட்ச், கொண்டுவந்ததே வேலை முடிஞ்சு வர்றவங்க மூணு மணி நேரத்துல பார்த்துட்டுப் போகட்டும்னுதான், ஆடறவங்களுக்கும் அதே நியாயம்தானே? அட்டவணைய சீசனுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க.