பேரை மட்டும் எழுதிக் கொடுங்கள்

கேள்வி: ரீச்சர், நான் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறேன். என் மூத்த மகன் 2009 மே மாதம், சண்டை முடிந்த நாட்களில், வட்டுவாகல் பாலத்தடியில் எங்களை விட்டுப் பிரிந்தவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது நானும் அவன்ரை படத்தோடு போய் இருந்தேன். இறந்தவர்களை நினைக்கிற ஒவ்வொரு நவம்பரும் சகோதரங்கள், “அவனுக்கும் ஒரு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை குடு” என்கிறார்கள். என்னால் முடியவில்லை. செபக்கூட்டத்தில் ஒரு அக்கா, “இன்னும் திரும்பி வரவேணும் எண்டு கேக்கிறது ஆண்டவற்றை சித்தத்துக்குப் பணியாத பெருமை” என்று சொல்லிவிட்டா. நான் எப்படிச் செபிப்பது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் மூன்று நாளாக மேசையில் கிடந்தது. பேனையை எடுக்கும்போதெல்லாம் ஒரு தாயின் முகம்தான் முன்னுக்கு வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சண்டை முடிய எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய புதிதில், தறப்பாள் கட்டிய கொட்டிலில் நன்றிப் பூசை வைத்தோம். முடிவில் என்னைப் பேசச் சொன்னார்கள். “பங்கர்க் குழிக்குள் விடாமல் செபமாலை சொன்னோம், அதனால்தான் ஆண்டவர் எங்கள் வீட்டாரைக் காப்பாற்றினார்” என்று சாட்சி சொன்னேன். சனம் ஆமென் என்றது. வெளியே வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நிற்க, அந்தத் தாய் பக்கத்தில் வந்தா. சண்டைக்குள் மாத்தளனில் செத்த மகளைப் பங்கருக்குள்ளேயே மூடிவிட்டு வந்தவ. வாளிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “நானும் செபமாலை சொன்னனான்தானே ரீச்சர்” என்றா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் தண்ணீரை மொண்டுகொண்டு போய்விட்டா.

அவவின் கதை, பேச எழும்பும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசினேன்.

லூக்கா 18 ஆம் அதிகாரத்தில் பரிசேயனும் வரிதண்டுபவனும் கோயிலுக்குப் போகும் உவமையை எத்தனையோ வருடம் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். மற்றவர்களைப் போல் நான் இல்லை, அதற்கு நன்றி என்கிறான் பரிசேயன். அன்று தறப்பாளுக்குக் கீழே நின்று நான் சொன்னதும் அதுதானே. செத்துப்போன சனமும் செபித்த சனம்தான். நாங்கள் ஏன் தப்பினோம் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவள்போலப் பேசியதுதான் பெருமை. ஆகவே அந்த அக்காவைக் கோபிக்க வேண்டாம். நான் பிழைவிட்ட இடத்தில்தான் அவவும் நிற்கிறா. ஆனால் அவ சொன்னதை நீங்கள் மனதில் ஏற்றவும் வேண்டாம்.

பிள்ளை திரும்பி வரவேண்டும் என்று கேட்பது பெருமை இல்லை. பூங்காவனத்தில் ஆண்டவர் என்ன செய்தார்? இந்தக் கிண்ணம் என்னை விட்டு அகலட்டும் என்று கேட்டார். மூன்றாம் முறையும் போய் அதே வார்த்தைகளைச் சொன்னார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். “உம் சித்தப்படி ஆகட்டும்” என்பதை அவரே தம் வாயால் சொன்னார். பக்கத்தில் நின்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூட வந்தவர்கள் நித்திரை. சிலுவையில் தொங்கியபோதுகூட, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று 22 ஆம் சங்கீதத்தைச் சொல்லிக் கத்தினவர் அவர். நீங்கள் அழுவதும் கேட்பதும் அவருக்குப் புதிது இல்லை.

சரி, பூசைக்கு வருவோம். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று நீங்கள் முடிவெடுத்து ஆண்டவருக்கு அறிவிக்கத் தேவையில்லை. பூசைக் கருத்து எழுதும் துண்டில் ‘ஆன்மா இளைப்பாற’ என்றும் போடவேண்டாம், ‘திரும்பி வர’ என்றும் போடவேண்டாம். பேரை மட்டும் எழுதிக் கொடுங்கள். எங்கள் பங்கில் மூன்று தாய்மார் அப்படித்தான் கொடுக்கிறார்கள். பங்குத்தந்தை அந்தப் பேரை வாசித்துவிட்டு, ஒரு மூச்சு நேரம் நின்றுதான் அடுத்த பேருக்குப் போவார்.

நவம்பர் 2 இல் எல்லோரும் சேமக்காலைக்குப் போக, போக ஒரு கல்லறை இல்லாமல் நீங்கள் வீட்டில் தனியே இருக்க வேண்டாம். மாதா கெபியில் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். அங்கே உயிரோடு இருப்பவர்களுக்கும் கொளுத்தலாம், இல்லாதவர்களுக்கும் கொளுத்தலாம்.

2008 ஏப்ரலில் சண்டையால் மடு மாதாவின் சுரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனதே, ஞாபகம் இருக்கும். திரும்பி மடுவுக்கு வருவாவோ, நாங்கள்தான் இருப்போமோ, ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் கும்பிட்டோம். அதையும் விசுவாசம் என்றுதான் நான் சொல்லுவேன். செபமாலை சொல்ல ஏலாத இரவுகளில் மகனுடைய பேரை ஒருக்கால் சொல்லிவிட்டுப் படுங்கள். அது போதும்.

கடிதத்தில் அவன்ரை பேரை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அடுத்த தபாலில் அனுப்புங்கள். ஞாயிறு பூசைக்கு நான் கொடுக்கும் துண்டிலும் எழுதுகிறேன்.