கிளிக்கு எந்தக் கூடு? யாழ்ப்பாணத்து வளர்ப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கூட்டைப் பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: கூட்டை முதலில் வாங்குங்கள், கிளியைப் பிறகு வாங்குங்கள். கிளிக்குக் கொடுத்தது போக மிஞ்சுகிற காசில் கூடு தேடுவதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது. அது மாறவேண்டும் என்பது என் ஆசை.

கொக்குவில், ஒரு மாணவர்: ஐயா, எனக்குப் பச்சைக்கிளி ஒன்று வாங்கித் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார். கடையில் வட்டமான கூடு ஒன்று, மேலே கோபுரம் மாதிரி, நல்ல வடிவு. உயரம் இரண்டரை அடி. அது போதுமா?

போதாது தம்பி. உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிளி பறப்பதும் கம்புக்குக் கம்பு தாவுவதும் பக்கவாட்டில். அதற்குத் தேவை நீளம். வட்டக் கூட்டில் அந்த நீளமும் கிடையாது, ஒதுங்கி நிற்க ஒரு மூலையும் கிடையாது. பயந்த கிளி மூலையைத் தேடும், கிடைக்காவிட்டால் சுற்றிச் சுற்றி அடித்துக்கொள்ளும். நீங்கள் வடிவு என்று சொல்கிற அந்தக் கோபுரத்தில் கம்பிகள் எல்லாம் மேலே ஒரே இடத்தில் வந்து சேரும். சேருகிற இடத்தில் இடைவெளி ஒடுங்கிக்கொண்டே போகும். அங்கே கால்விரலோ அலகோ மாட்டினால் கிளி பதறி இழுக்கும், விரல் முறியும்.

பச்சைக்கிளி ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளம், அதில் பாதிக்கு மேல் வால். இரண்டு சிறகையும் முழுதாக விரித்தாலும் கம்பியில் முட்டக்கூடாது. கம்பில் திரும்பும்போது வால் கம்பியில் உரசக்கூடாது. இதற்கு ஆகக் குறைந்தது நீளம் 3 அடி, அகலம் 2 அடி, உயரம் 3 அடி வேண்டும். தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய இனமென்றால் நீளம் 4 அடிக்குக் குறையாமல் பாருங்கள். அதன் வால் மட்டுமே ஒரு அடி வரும். இந்த அளவுகளும் தினமும் கொஞ்ச நேரமாவது வெளியே விடுகிற கிளிக்குத்தான். முழுநாளும் உள்ளேயே இருக்கப்போகிறது என்றால் இன்னும் பெரிதாகச் செய்யுங்கள்.

மாமா கிளியை எங்கே எடுக்கிறார் என்றும் கேளுங்கள். கீழே கரவெட்டிக்குச் சொல்லியிருக்கிற பதிலையும் அவருக்குக் காட்டுங்கள்.

சாவகச்சேரி: நாலு பட்ஜி வைத்திருக்கிறேன், கடையில் லவ்பேர்ட்ஸ் என்று தருகிற சின்னக் குருவிகள். தெரிந்தவர் ஒருவர் பெரிய கூடு ஒன்றை மலிவாகத் தருகிறார். கம்பி இடைவெளி ஒரு அங்குலம். விடலாமா?

விடவேண்டாம். பட்ஜி ஒரு அங்குல இடைவெளியால் வெளியே வந்துவிடும். வராவிட்டால் அதைவிட மோசம், தலை மட்டும் போய் மாட்டிக்கொள்ளும். பட்ஜிக்கும் உண்மையான லவ்பேர்டுக்கும் அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீற்றர், அதற்கு மேல் போகக்கூடாது. தலையில் கொண்டையுள்ள சின்னக் கிளியான கொக்கரீலுக்கு 15 வரை போகலாம். பச்சைக்கிளிக்கு 15 முதல் 19. ஆபிரிக்கச் சாம்பல் கிளிக்கு முக்கால் அங்குலத்தில் இருந்து ஒரு அங்குலம்.

பட்டறையில் செய்விப்பவர்களுக்கு: பட்ஜிக் கூடென்றால் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பித் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு கம்பியை ஒட்டும்போதும் அதை இடையில் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். கண் அளவில் ஒட்டினால் ஒரு இடத்தில் 10 இருக்கும், இன்னொரு இடத்தில் 18 இருக்கும். முடிந்ததும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு விரித்துப் பாருங்கள். விரிந்து கொடுத்தால் கம்பி மெல்லியது, பச்சைக்கிளியின் அலகுக்கு அது தாங்காது. அதற்கு 3 மில்லிமீற்றர் கம்பியாவது வேண்டும். குறைந்தது இரண்டு பக்கங்களிலாவது கம்பி படுக்கையாக ஓடட்டும், கிளி அலகால் பிடித்து ஏற வசதியாக இருக்கும்.

குருநகர்: அண்ணை, கடற்காற்றில் கூடு ஒரு வருடம் தாங்குதில்லை. பெயின்ற் அடித்தால் கிளி சுரண்டித் தின்கிறது. கல்வனைஸ் வலை அடித்துப் பார்த்தேன், அதில் வெள்ளையாக மா மாதிரிப் படிந்திருக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் அந்த வெள்ளை மாவில்தான் ஆபத்து இருக்கிறது. கல்வனைஸ் என்பது இரும்புக்கு மேல் பூசிய துத்தநாகம். உப்புக்காற்றும் ஈரமும் பட்டால் அந்தத் துத்தநாகம் வெள்ளைத் துருவாக உதிரும். கிளி முழுநாளும் கம்பியை வாயால் பிடித்து ஏறுகிற பறவை, அது உள்ளே போகாமல் இருக்காது. துத்தநாகம் கூடினால் கிளி சோர்ந்து சிலிர்த்துக்கொண்டு இருக்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும், கழிச்சல் பச்சையாகத் தண்ணீராகப் போகும், சிலவேளை வலிப்பும் வரும். இவற்றில் எதையாவது கண்டால் கூட்டை மாற்றிவிட்டு அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கூடு என்ன உலோகம் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

வலையை வெளிச்சத்தில் பிடித்து மூட்டுகளைப் பாருங்கள். கம்பியும் கம்பியும் சேருகிற இடத்தில் சின்னச் சின்னக் குமிழ் மாதிரி உலோகம் திரண்டிருக்கும். கிளி முதலில் கொத்தி எடுப்பது அதைத்தான். வேறு வழியில்லை, இந்த வலைதான் என்றால் குமிழ்களை அரத்தால் தேய்த்து எடுங்கள். பிறகு வினாகிரி ஊற்றி கம்பி பிரஷால் முழுவதும் உரஞ்சி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். இது ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. உங்கள் கரையோரத்தில் வெள்ளை திரும்பவும் வரும், அப்போது திரும்பவும் உரஞ்சவேண்டும்.

பெயின்றிலும் கவனம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், ஈயம் துத்தநாகத்தைவிடக் கொடியது. பழைய யன்னல் கிராதியை வெட்டிக் கூடு செய்கிறவர்கள் இதை மறக்கவேண்டாம். பவுடர் கோட்டிங் செய்த கூடு நல்லதுதான், ஆனால் ஒரு இடத்தில் உரிந்தால் கிளி அங்கிருந்தே தொடங்கும்.

கடைசியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் வந்து நிற்கவேண்டும். சாதாரணமாகக் கிடைப்பது 304 என்ற தரம். உப்புக்காற்றுக்கு 316 என்ற தரம் இன்னும் நன்றாக நிற்கும், விலையும் கூட. குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறைப் பக்கம் இருப்பவர்கள் 304 எடுத்து, கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வந்தால் போதும். இரண்டு மூன்று இரும்புக் கூடு வாங்கி எறிகிற காசு இதில் ஒரேயடியாகப் போகும். கிளி 20 வருடத்துக்கு மேலும் இருக்கக்கூடிய பறவை என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

அச்சுவேலி: விறாந்தையில் கூரைச் சீற்றுக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறோம். மத்தியானத்தில் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. தண்ணீர் போதாதா?

தண்ணீர் இருந்தாலும் அது வெக்கையில் இளைக்கிறது. வாயைத் திறந்து, சிறகை உடம்பில் இருந்து விலக்கிப் பிடித்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். சித்திரை, வைகாசியில் சீற்றுக்கு ஒட்டினாற்போல் இருக்கிற காற்று கீழே நாங்கள் நிற்கிற இடத்தைவிட எவ்வளவோ சூடு. இன்றைக்கே கூட்டை இறக்குங்கள். உங்கள் கண்மட்டத்துக்கு ஒரு மேசையிலோ ஸ்ராண்டிலோ வையுங்கள். சீற்றின் மேல் கிடுகு போட்டால் வீட்டுக்காரருக்கும் சுகம்.

ஒரு பக்கம் சுவரோடு இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்தால் கிளிக்கு நிம்மதி வராது. மேற்கு வெயில் நேரே விழக்கூடாது. சோளகம் அடிக்கிற காலத்தில் புழுதி வரும், வாடையும் மழையும் சேர்ந்த மார்கழியில் சாரல் வரும். காற்று வருகிற பக்கத்துக்கு மட்டும் படங்கு கட்டுங்கள், முழுதாக மூடவேண்டாம்.

குசினிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கிற அன்று நாங்களே இருமிக்கொண்டு வெளியே ஓடுகிறோம், கிளியின் நுரையீரல் எங்களுடையதைவிட மெல்லியது. ஒட்டாத சட்டியை வெறுமையாக அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் அதன் பூச்சில் இருந்து வருகிற புகை கிளியைச் சில நிமிடத்தில் கொல்லும். எங்களுக்கு அதில் மணம்கூடத் தெரியாமல் இருக்கலாம். நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் அதே அறையில் வேண்டாம்.

வேலணை: இரவில் பாம்பு, பூனை, கீரி எல்லாம் வரும். கூடு வெளியேதான்.

இரவில் உள்ளே எடுங்கள். வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பச்சைக்கிளிக்குச் சரியான முக்கால் அங்குல இடைவெளியால் சின்னப் பாம்பு வந்துவிடும். பூனை உள்ளே வரத் தேவையில்லை, வெளியே நின்று கையை விட்டாலே போதும். பெரிய கூடு, தூக்கமுடியாது என்றால் வெளிப்புறம் இரண்டு அங்குலம் தள்ளி அரை அங்குல வலையால் இரண்டாவது சுற்று அடியுங்கள். எறும்புக்குச் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதுதான்: கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

மானிப்பாய், ஒரு தங்கச்சி: கூட்டோடு வந்த பிளாஸ்ரிக் கம்பு போதுமா? உள்ளே வேறு என்ன வைக்கலாம்?

அந்தக் கம்பைக் கழற்றிவிடுங்கள். ஒரே தடிப்பு, ஒரே வழுவழுப்பு. முழுநாளும் அதே இடத்தில் அழுத்தி நின்று உள்ளங்கால் புண்ணாகும். மண்பேப்பர் சுற்றிய கம்பும் வேண்டாம். கொய்யாக் கிளை எடுங்கள், வேம்பு எடுங்கள், பூவரசு எடுங்கள். காசு இல்லாமல் வேலியிலேயே இருக்கிறது. பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பார்த்து, உரஞ்சிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு வையுங்கள். பட்டையை உரிக்கவேண்டாம், உரிப்பது கிளியின் வேலை. பச்சைக்கிளி பிடிக்கும்போது விரல்கள் கம்பை முழுதாகச் சுற்றி ஒன்றையொன்று தொடக்கூடாது. முக்கால் அங்குலத்தில் ஒன்று, ஒரு அங்குலத்தில் ஒன்று, வளைந்து நெளிந்த இன்னொன்று என்று கலந்து வையுங்கள். அலரி மட்டும் கூட்டுக்குக் கிட்டவே வரக்கூடாது, அதன் தடி, இலை, பூ எல்லாம் நஞ்சு. தீனிக்கு அவகாடோவும் கூடாது.

கடிக்கப் பனையோலை முடிச்சு, ஈர்க்குக் கட்டு, தேங்காய்ப் பொச்சு கொடுங்கள். கடையில் வாங்குகிற விளையாட்டுச் சாமானைவிட நான் இதைத்தான் விரும்புவேன். நைலோன் கயிறும் வலைத்துண்டும் வேண்டாம், நூல் காலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். தண்ணீர், சாப்பாட்டுக் கிண்ணங்களைக் கம்புக்கு நேர்கீழே வைக்காதீர்கள், எச்சம் விழும்.

நெல்லியடி: கதவைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது!

மேலே தூக்குகிற கதவைக் கிளி அலகால் தூக்கும், பாதியில் விட்டால் கழுத்தில் விழும். பக்கமாகத் திறக்கிற கதவாக மாற்றுங்கள். இப்போதைக்குச் சின்னப் பூட்டு ஒன்று போடுங்கள், திறப்பைக் கூட்டிலேயே தொங்கவிடவேண்டாம்.

சுன்னாகம்: பழைய கூடு ஒன்று வாங்கினேன். முதல் கிளி எப்படிச் செத்தது என்று விற்றவருக்குத் தெரியாதாம். கழுவினால் சரியா?

மரத்தில் செய்த எல்லாவற்றையும் எறியுங்கள், கம்புகள் உட்பட. உலோகத்தைச் சவர்க்காரம் போட்டு அழுக்குப் போகக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் படவிட்டு, மணம் போகும்வரை அலசி, வெயிலில் காயவிடுங்கள். வினாகிரியையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலக்கவே வேண்டாம், நச்சுவாயு வரும்.

கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போவதுதான் முக்கிய வழி. அதனால் தட்டில் பேப்பர் விரித்து, தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு மடித்து எடுங்கள். காய்ந்தபடி தட்டவேண்டாம்.

கரவெட்டி: எங்கள் காணியில் தலை முறிந்த பனை ஒன்றில் கிளி குஞ்சு பொரித்திருக்கிறது. ஒரு குஞ்சை எடுத்து வளர்த்தால் பழகும் என்கிறார்கள். அதற்கு என்ன கூடு?

அந்தப் பனையைத் தறிக்காமல் விடுங்கள். அதுதான் அதற்குக் கூடு. கிளி தானாகப் பொந்து குடைவது அரிது, இருக்கிற பொந்தைத்தான் தேடும். மொட்டைப் பனைகள் ஒவ்வொன்றாக விறகுக்குப் போகிற காலத்தில் உங்கள் காணியில் ஒன்று நிற்பது பெரிய விடயம். குஞ்சை எடுத்தால் பெரும்பாலும் சூடும் சரியான தீனியும் இல்லாமல் சாகும். காட்டுப் பறவைகளைப் பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் 1937 ஆம் ஆண்டிலிருந்தே தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எந்த உள்ளூர்க் கிளியென்றாலும் கைவைக்க முதல் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேளுங்கள். கிளி வேண்டுமென்றால் கூட்டில் பிறந்து வளர்ந்த பட்ஜியோ கொக்கரீலோ எடுங்கள், இரண்டும் நன்றாகப் பழகும்.

கொழும்புத்துறை: கனடாவில் இருந்து அண்ணா கூடு அனுப்பப் போகிறார். என்ன சொல்லிவிட?

கிளியின் இனத்தைச் சொல்லுங்கள், கம்பி இடைவெளியைச் சொல்லுங்கள், ஸ்டெயின்லெஸ் என்று சொல்லுங்கள். தட்டு இழுத்தெடுக்கக்கூடியதாகவும், தட்டுக்கு மேல் கம்பித்தளம் உள்ளதாகவும் இருந்தால் நல்லது. கண்ணாடி, மணி எதுவும் வேண்டாம்.

உடுவில், ஒரு அம்மா: என்ர கிளி எட்டு வருடமாகச் சின்னக் கூட்டில். பிள்ளைகள் இப்போது பெரிய கூடு வாங்கித் தந்தார்கள். கிட்டக் கொண்டுபோனாலே கத்துகிறது. பழையதிலேயே விடட்டோ?

விடவேண்டாம் அம்மா, பழகும். புதுக்கூட்டைப் பழையதுக்குப் பக்கத்தில், கதவு திறந்தபடி, சும்மா வையுங்கள். சில நாட்கள் அது பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பழைய கூட்டில் அது நித்திரை கொள்கிற கம்பை மாற்றவேண்டாம், மற்றக் கம்பில் ஒன்றைக் கழற்றிப் புதியதில் போடுங்கள். பிறகு இரண்டு வாசலையும் ஒன்றோடொன்று முட்டவைத்துக் கட்டி, அதற்கு ஆகப் பிடித்த தீனியைப் புதுக்கூட்டின் வாசலுக்குக் கிட்ட வையுங்கள். கொவ்வைப்பழமோ கொய்யாத்துண்டோ, எதுவென்று உங்களுக்குத் தெரியும். நாளுக்கு நாள் கிண்ணத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். கையால் பிடித்து உள்ளே போடவேண்டாம், பிறகு உங்கள் கையைக் கண்டாலும் பயப்படும். பகலில் போய்வரத் தொடங்கிய பிறகும் இரவில் பழைய கூட்டுக்கே திரும்பினால் விடுங்கள். தானாகப் புதியதில் நித்திரை கொண்ட பிறகு நித்திரைக் கம்பையும் மாற்றிவிட்டு, பழையதை எடுக்கலாம்.