விரல் தயங்கும் இடம்: ஸ்டெனோ மாணவர்களுக்கான கேள்வி–பதில்

அமெரிக்க நீதிமன்றங்களில் ஸ்டெனோ மெஷின் வைத்து வாக்குமூலம் பதியும் கோர்ட் ரிப்போர்ட்டர் பணிக்குப் பயிலும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஸ்டெனோ மெஷினில் பல விசைகளை ஒரே சமயத்தில் அழுத்துவது ஒரு ஸ்ட்ரோக். மென்பொருள் அதை அகராதியில் தேடி ஆங்கிலமாக்கும்.

நிமிடத்துக்கு 160 சொல்லில் மாதக்கணக்கில் நிற்கிறேன். தினமும் மூன்று மணி நேரம் பயிற்சி செய்தும் வேகம் ஏறவில்லையே?
— வாசகி, டெக்சாஸ்

மூன்று மணி நேரமும் 160இலேயே எழுதினால் கை 160ஐத்தான் பழகும். விரல் வேகம் போதாமல் நிற்பவர்கள் குறைவு. எந்தச் சொல்லுக்கு எந்த ஸ்ட்ரோக் என்று மனம் தேடுகிற நேரம்தான் வேகத்தைத் தின்கிறது. 160 என்றால் நொடிக்கு இரண்டரைச் சொல்லுக்கு மேல். அரை நொடி தயங்கினாலே ஒரு சொல் பின்தங்கிவிடும்.

ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 160இல் நிறுத்தாமல் ஒருமுறை எழுதுங்கள். உடனே உங்கள் ஸ்டெனோ குறிப்பை உரக்க வாசியுங்கள். மொழிபெயர்ந்து வந்த ஆங்கிலத்தை அப்போது பார்க்க வேண்டாம். எங்கெங்கே தயங்கினீர்களோ, எங்கெங்கே விசை கூடியோ குறைந்தோ விழுந்ததோ, அந்தச் சொற்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முன்பின் வரும் இரண்டு சொற்களோடு சேர்த்து, யோசிக்காமல் வரும்வரை அடியுங்கள். தனிச் சொல்லாக அடித்துப் பழகினால் வாக்கியத்துக்குள் வரும்போது மறுபடி இடறும். பிறகு அதே பதிவை 176, 184, 192 என்று ஏற்றி எழுதுங்கள். 192இல் பிழை மலியும், பரவாயில்லை. கடைசியாக 160க்கு இறங்கினால் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பது கேட்கும்.

இதை மட்டும் செய்தால் கை அலங்கோலமாகிவிடும். இன்னொரு பாதி நேரம் 140இல், பிழை நூற்றுக்கு இரண்டைத் தாண்டாமல் எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது முழு ஐந்து நிமிடப் பதிவு வேண்டும். ஒரு நிமிடப் பயிற்சியிலேயே இருப்பவர்களின் கவனம் மூன்றாம் நிமிடத்தில் கலைகிறது.

தேர்வில் ஒரு தொடர் விட்டுப்போனால் அதைப் பிடிக்கப் பார்க்கலாமா?
— வாசகர், நியூ ஜெர்சி

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கோர்ட் ரிப்போர்ட்டர்களின் தேசியச் சங்கமான என்.சி.ஆர்.ஏ. நடத்தும் ஆர்.பி.ஆர். சான்றிதழுக்கான வேகத் தேர்வில் மூன்று பகுதிகள்: இலக்கிய உரை நிமிடத்துக்கு 180 சொல், ஜூரிக்கான அறிவுரை 200, கேள்வி–பதில் சாட்சியம் 225. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், தேவை 95 சதவீதத் துல்லியம். அதாவது 180இல் 900 சொல்லுக்கு 45 பிழை, 225இல் 1125 சொல்லுக்கு 56 பிழை வரை தாங்கும். விட்ட தொடர் நான்கு சொல் என்றால் நான்கு பிழையோடு போகிறது. அதைத் துரத்தினால் அடுத்த பத்துப் பதினைந்து சொல்லும் சேர்ந்து போகும். நீதிமன்றத்தில் நிலைமை வேறு. அங்கே ஒரு சொல்லும் விடக் கூடாது. பேசுபவரை நிறுத்தித் திரும்பச் சொல்லக் கேட்பது ரிப்போர்ட்டரின் கடமை.

பிளோவர் என்ற இலவச ஸ்டெனோ மென்பொருளோடு வரும் அகராதியே போதாதா? சொந்த அகராதி எதற்கு?
— வாசகி, கலிபோர்னியா

பிளோவர் மென்பொருளின் மூல அகராதியில் 1,40,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அவை வேறொருவருடைய கைப்பழக்கத்தில் உருவானவை. நீங்கள் படிக்கும் தியரி (ஸ்ட்ரோக் எழுதும் முறை) ஒரு சொல்லை வேறு மாதிரி அடிக்கச் சொன்னால், அந்த ஸ்ட்ரோக் அங்கே வேறு சொல்லாக இருக்கக்கூடும். மூல அகராதியைத் தொடாதீர்கள். புதியவற்றை உங்களுக்கான யூசர் அகராதியில் சேருங்கள். பட்டியலில் மேலே இருக்கும் அகராதிக்குத்தான் முன்னுரிமை என்பதால், இரண்டிலும் ஒரே ஸ்ட்ரோக் இருந்தால் உங்களுடையதே வெல்லும்.

சேர்க்குமுன் லுக்கப் சாளரத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஸ்ட்ரோக்கை வேறு சொல் பிடித்து வைத்திருக்கிறதா என்பதைச் சேர்க்கும் சாளரமே காட்டும்.

மாணவர்கள் கோட்டை விடுவது ஒரே ஒலியுள்ள சொற்களில்தான். 'சைட்' என்றால் பார்வை, மனை, சட்டப்பிரிவை மேற்கோள் காட்டுதல் என மூன்று சொற்கள். மூன்றும் ஒரே வழக்கில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்ட்ரோக் வேண்டும். உயிரெழுத்து விசையை மாற்றியோ நட்சத்திர விசையைச் சேர்த்தோ பிரிக்கலாம். 'பின்னால் திருத்திக்கொள்ளலாம்' என்று விட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது சொல் எல்லைச் சிக்கல். 'இன்' அடுத்து 'சைட்' அடித்தால், 'கண்ணில் பட்டது' என்று சாட்சி சொன்னது 'நுண்ணறிவு' என்று பொருள்படும் 'இன்சைட்' என்ற ஒரே சொல்லாக ஒட்டி வரலாம். முன்னொட்டுக்கு ஒரு ஸ்ட்ரோக், தனிச் சொல்லுக்கு இன்னொரு ஸ்ட்ரோக் என்று பிரிப்பதே வழி. பிளோவரில் ஒட்ட வேண்டிய பக்கத்தில் கூரைக் குறி (^) போட்டு, முழுவதையும் வளைந்த அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது முன்னொட்டு அல்லது பின்னொட்டு ஆகிவிடும்.

அடிக்கடி தவறாக விழும் ஸ்ட்ரோக்கையும் அகராதியில் சேர்க்கலாமா?
— வாசகர், இல்லினாய்

அந்தத் தவறான வடிவம் வேறெந்தச் சொல்லாகவும் ஆக முடியாது என்றால் மட்டும் சேருங்கள். அதையும் முதல் தடவையே செய்யாதீர்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் ஒன்றாகக் கலந்திருந்தால், முதல் ஸ்ட்ரோக்கின் விரல்கள் முழுவதும் எழும்புமுன் அடுத்தது இறங்குகிறது. மெட்ரோனோம் வைத்து மெதுவாக அடித்தால் சரியாகும். எப்போதும் ஒரே விசை விட்டுப்போனால் அந்த விரலின் அழுத்தம் போதவில்லை. மெஷினில் விசையின் உணர்திறனை மாற்றிப் பாருங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தவறுகளை அகராதியில் அடுக்கினால், இன்று காப்பாற்றும் பதிவே நாளை ஒரு சாட்சியின் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைக்கும்.

பிரீஃப் (சொல்லுக்கோ தொடருக்கோ உரிய சுருக்க ஸ்ட்ரோக்) எத்தனை மனப்பாடம் செய்ய வேண்டும்?
— வாசகி, ஜார்ஜியா

எண்ணிக்கை முக்கியமில்லை. 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென் ஆஃப் த ஜூரி', 'பியாண்ட் எ ரீசனபிள் டவுட்' போன்ற, பக்கத்துக்குப் பக்கம் வரும் தொடர்களில் தொடங்குங்கள். நினைவுக்கு வர நேரம் எடுக்கும் பிரீஃப், முழுதாக அடிப்பதைவிட மெதுவானது. அப்படிப்பட்டதை அப்போதைக்கு விட்டுவிட்டு ஒலிப்படியே எழுதுங்கள்.

சாட்சியின் பெயர் சுப்பிரமணியம் என்றால்?
— வாசகர், டெக்சாஸ்

வழக்கு ஆவணத்திலிருந்து எழுத்துக்கூட்டை முன்பே வாங்கிவிடுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. 'சுப்' என்பதை இரண்டு முறை அடித்தால் முழுப்பெயர் வரும்படி, அந்த வழக்குக்கான தனி அகராதியில் வையுங்கள். யூசர் அகராதியில் வைத்தால் அடுத்த வழக்கில் இன்னொரு எழுத்துக்கூட்டோடு வரும் சுப்பிரமணியத்துக்கும் பழைய பெயரே விழும்.

சென்னையில் பிட்மன் சுருக்கெழுத்து படித்தேன். அது உதவுமா?
— வாசகி, வர்ஜீனியா

எழுத்தை விட்டு ஒலியைப் பிடிக்கும் காது உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். பெரிய உதவி அது. ஆனால் பிட்மனில் உயிர்க்குறியை விட்டு எழுதி, இடம் பார்த்து வாசித்துக்கொள்வீர்கள். இங்கே வாசிப்பது கணினி. இடம் பார்த்து ஊகிக்கும் வேலையை அதனிடம் நம்பி விட முடியாது. நடுவில் உள்ள நான்கு விசைகளால் உயிரெழுத்தை விடாமல் அடிக்கக் கற்பதுதான் முதல் மாதத்து வேலை.

வேறு மென்பொருளுக்கு மாறினால் அகராதி போய்விடுமா?
— வாசகர், ஓஹாயோ

ஆர்.டி.எஃப். என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்தால் பெரும்பாலான ஸ்டெனோ மென்பொருள்கள் ஏற்கும். நிறுத்தற்குறி, ஒட்டுச் சொற்களுக்கான கட்டளைகளை மட்டும் புதிய இடத்தில் ஒவ்வொன்றாக அடித்துச் சரிபாருங்கள். வாரம் ஒருமுறை தேதியிட்ட பிரதியைக் கணினிக்கு வெளியே எடுத்து வையுங்கள்.