பாரன் தீவு எரிமலை: கேட்டதும் சொன்னதும்

கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தமான் பாரன் தீவைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில் கீழே. அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவர் ஊர்.

அவ்வளவு சின்ன மேடா சார் எரிமலை? (கோபி)

கடலுக்கு மேலே 354 மீட்டர்தான். ஆனால் அடிவாரம் கடலுக்குள் 2,000 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தண்ணீரை வற்ற வைத்துவிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா உயரம் வரும். நமக்குத் தெரிவது உச்சந்தலை மட்டும்.

இத்தனை நாள் தூங்கிவிட்டு ஏன் எழுந்தது? (தாராபுரம்)

1787இல் புகைந்ததுதான் முதல் பதிவு. 1789இல் ஆங்கிலேயக் கடல் அளவையாளர் ஆர்ச்சிபால்ட் பிளேர் போனபோதும் கக்கிக்கொண்டிருந்தது. 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர், முன்பு அவர் பெயரில் இருந்த ஊர்தான். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்து, 1991இல் மறுபடி வெடித்தது. மாதக்கணக்கில் எரிமலைக் குழம்பு ஓடிக் கடலைத் தொட்டது. 1994, 2005, 2017 என்று இன்னும் அடங்கவில்லை. எரிமலைக்கு நூறு வருஷம் ஒரு மதியத் தூக்கம். பூமியின் மேல் ஓடு பெரிய பெரிய தட்டுகளாக நகர்கிறது; அங்கே இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. அதோடு இறங்கும் நீர் ஆழத்துப் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. உருகியது மேலே வழி தேடுகிறது.

இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை மாதிரி இதுவும் ஊரை அழிக்குமா? (கவுந்தப்பாடி)

உங்கள் ஊர்க்காரருக்கு வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையே பதில். பாகு இளகலாக இருக்கும்போது குமிழி சத்தமில்லாமல் உடையும். இறுகினால் 'புளக்'கென்று கையில் தெறிக்கும். பாரன் தீவில் வருவது பெரும்பாலும் பசால்ட் என்கிற குழம்பு, இளகல் பாகு மாதிரி. வாயு சுலபமாகத் தப்பிவிடும். 1883இல் கிரகட்டோவாவில் இருந்தது இறுகிய சரக்கு. 36,000 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் சுனாமியில். இருந்தாலும் பாரனை நல்ல பிள்ளை என்று நான் எழுதித் தர மாட்டேன். அங்கே 2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பழைய மலையே இடிந்து விழுந்த பள்ளம் இருக்கிறது.

இறங்கிப் பார்க்கலாமுங்களா? (பொள்ளாச்சி)

முடியாது கண்ணு. படகிலிருந்து பார்ப்பதோடு சரி. மனிதக் குடியிருப்பு இல்லை, ஆடுகள் உண்டு.

வெள்ளியங்கிரியும் எரிமலைதானே? (பேரூர்)

இல்லைங்க. அது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி, பிறகு மேலே வந்த பாறை. ஆனால் நம் பக்கம் சில கிணறுகளில், சாம்பல் பாறைக்கு நடுவே கறுப்புச் சுவர் ஒன்று நெட்டாக நிற்பதைப் பார்க்கலாம். சுத்தியால் தட்டினால் கணீரென்னும். டோலரைட். விரிசலில் ஏறிய குழம்பு, மேலே வராமல் அங்கேயே உறைந்துபோனது.